எழுத்துமரம்

தண்ணீரில் போட்டால்
கல்லைப்போல அடிக்குப் போகிற மரம்.
சுரிநாம் காட்டிலிருந்து கப்பலேற்றிய டச்சுக்காரர்கள்
அதன்மேல் ஓடும் கருங்கோடுகளைப் பார்த்து
எழுத்துமரம் என்றார்கள்.
மற்றவர்களுக்கு அது பாம்புமரம்.
எழுத்தா பாம்பா என்பது
பார்ப்பவரின் பயத்தைப் பொறுத்தது.

ஹார்லிங்கன் துறையில்
பகலெல்லாம் தீவுப் படகுக்குச் சீட்டுக் கிழிக்கும் ஹிஸ்கே
இரவில் கடைசல்காரி.
சைக்கிள் கொட்டகையில் ஒரு சின்னக் கடைசல் இயந்திரம்,
ஒரு பல்பு, ஒரு வெப்பமானி:
மரத்துக்காக. தனக்குக் குளிர்ந்தால்
இன்னொரு கம்பளிச்சட்டை.

அக்டோபரில் ஒரு கைத்தடி வந்தது
பழைய குளியல் துண்டில் சுற்றி.
"அப்பாவுடையது" என்றார் ராய்மோன்.
"நாங்கள் மூன்று பேர்.
யார் வைத்துக்கொள்வது என்பதில்
எட்டு மாதமாய்ப் பேச்சுவார்த்தை இல்லை.
மூன்று பேனாவாக்கிக் கொடுங்கள்."

பங்கு பிரிப்பது சுலபம்.
மரம் சம்மதிக்க வேண்டும்.

வைரம் பாய்ந்தது வளையாது,
வளையாதது சொல்லாமல் உடையும்.
துளையிடும் ஊசியை நான்கு சுற்று இறக்கி
வெளியே இழுத்து
தூளை ஊதி
ஆறவிட்டு
மறுபடி நான்கு.
அவசரப்பட்டால் உள்ளே சூடேறும்.
பிறகு, வெயிலில் ஆமணக்குக் காய் வெடிப்பதுபோல்
ஒரே ஒரு சத்தம்.

பாம்பைக் கயிறாக்கிக் கடைந்தார்கள் பழைய கதையில்.
இவள் பாம்பையே கடைகிறாள்.
வருவது அமுதமும் இல்லை, நஞ்சும் இல்லை,
செங்கல் நிறத்தில் தூள்,
அப்புறம் ஏழெட்டுத் தும்மல்.

முதல் பேனா நவம்பரில்.
இரண்டாவது, டிசம்பர் புயலில்
படகுகள் நின்றுபோன ஒரு பகலில்.
மூன்றாவது
துளைக்குத் தப்பியது, உளிக்குத் தப்பியது,
பளபளப்பும் ஏறிவிட்டது.
போதும் என்று சொல்ல வேண்டிய நேரத்தில்
துணியை இன்னும் ஒரு நிமிடம் அழுத்தினாள்.

பசை வைத்துப் பார்த்தாள்.
விரிசலில் பித்தளைத் தூள் நிரப்பினால்
வேண்டுமென்றே செய்ததாகச் சொல்லிவிடலாம்,
சொல்பவர்கள் உண்டு.
மறுநாள் அது நீளவாக்கில் திறந்து கிடந்தது.
எழுத்து மேல்தோலோடு சரி என்றிருந்தாள்;
உடைந்த முகத்திலும் எழுதியிருந்தது.

தொலைபேசியில் ராய்மோன் வெகுநேரம் பேசவில்லை.
"யாருடையது உடைந்தது?"
அதை எப்படிச் சொல்வது?
மூன்றும் ஒரே தடி.
"மூத்தவளிடம் பேசுங்கள்" என்று எண் கொடுத்தார்.

மர்சினி சிரித்தாள்.
சீட்டுக் கவுண்டரில் நின்றபடி
ஹிஸ்கே ரிசீவரைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்குமளவு.
"அதுதான் என்னுடையது.
பதினொரு வருடம் அவரைக் குளிப்பாட்டியிருக்கிறேன்,
ஒருநாளும் சொன்னபடி கேட்டதில்லை.
சில்லுகளை அனுப்பிவிடுங்கள்.
பேனா என்னிடம் நிறைய இருக்கிறது."

பெரிய சில்லு இரண்டு, பொடிசு ஐந்து,
மேசையில் கூட்டிய தூள் ஒரு கரண்டி.
முகவரி எழுதப் பேனா தேடினாள்.
தேடியதே வேடிக்கை:
கண்ணெதிரே இரண்டு.
ராய்மோனுடையதைத் திருகித் திறந்தாள்.
மூன்று எழுத்துவரை வறண்ட கீறல்,
நான்காவதில் மை பிடித்தது.
வறண்ட மூன்றின்மேல் திரும்ப எழுதினாள்,
அதனால் அந்தப் பெயரின் தொடக்கம் மட்டும்
கொஞ்சம் தடிமன்.

தபால்தலை ஒட்டுமுன்
உறையை ஒருமுறை குலுக்கிப் பார்த்தாள்.
உள்ளே கிலுகிலுவென்றது.
எடைபோட்ட தபால்காரர்
"என்ன, ஆணியா?" என்றார்.