நாகபூஷணி, ச., 1938–

வெள்ளவத்தைக் கிளை நூலகத்தில்
நாகபூஷணி நான்கு பேர்.
ஆங்கிலத்தில் 'பூ'வுக்கு இரண்டு ஓ போட்டவள் ஒருத்தி,
ஒரு யூவோடு முடித்துக்கொண்டவள் இன்னொருத்தி.
மூன்றாமவள் தமிழில், தகப்பனின் ச. வோடு.
நான்காமவள் சிங்களத்தில்,
மொழிபெயர்த்தவரின் பெயருக்குக் கீழே
பொடி எழுத்தில் ஒதுங்கியிருந்தாள்.

நால்வரும் எழுதியது மீன்களைப் பற்றி.
அதில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.
பதினொரு வருஷமாய் இந்தக் கதிரையில் இருக்கும்
எனக்கும்தான்.

மோதறைப் பெடியன் ஒருவன் வந்து கேட்டான்:
எங்கட ஓராவும் அவையின்ர ஒராவாவும்
ஒரே மீனோ?
தமிழ்ப் புத்தகம் இருக்கு, மற்றது இல்லை என்றேன்.
மற்றது அவன் முதுகுக்குப் பின்னால்
ஆறாவது இறாக்கையில் இருந்தது.

பிறகு கொழும்பு ஏழில் மூன்று நாள் பயிற்சி.
இணைத்த தரவு, சோற்றுப் பார்சல், நித்திரை.
சந்தமாலிதான் விளங்கப்படுத்தினாள்:
இலக்கம் பெயருக்கில்லை, ஆளுக்கு.
பெயர் எத்தனையும் இருக்கட்டும், எந்த எழுத்திலும்.
அடையாள அட்டை மாதிரியோ, என்றேன்.
அந்தச் சொல்லில் இரண்டு பேரும்
கொஞ்சநேரம் நின்றோம்.

திங்கட்கிழமை நால்வரையும் ஒருத்தியாக்கினேன்.
ச. வோடு இருந்தவளுக்கு
இறந்த ஆண்டு ஒன்று ஒட்டியிருந்தது: 1983?
யாரோ அட்டையில் பென்சிலால் ஊகித்ததை
கணினிக்கு ஏற்றியவர்
கேள்விக்குறியோடு ஏற்றியிருந்தார்.

இலக்கத்தை அழுத்தினேன்.
தெரியாத நூலகங்களின் வரிகள்
ஒவ்வொன்றாய் வந்து கீழே குந்தின.
ஒஸ்லோ. நோர்வேஜிய மொழி. அச்சு, 1996.
பிறந்த ஊர் காரைநகர்.
முன்னுரை ஆசிரியருடையதே,
எழுதிய திகதியோடு.
பெயரில் இரண்டு ஓ.

எழும்பிப் போய்
ஒரு பிளேன்ரீ குடித்துவிட்டு வந்தேன்.

முதலில் கேள்விக்குறியை அழித்தேன்,
பிறகு ஆண்டை.
சிறு கோட்டை மட்டும் விட்டேன்,
அதற்குப் பின்னால் வெறுமை.
அழித்தது ஒரே இடத்தில்தான்.
தெஹிவளையில், கொட்டாஞ்சேனையில், கண்டியில்,
அந்த இலக்கத்தைக் கேட்ட திரைகளிலெல்லாம்
அவள் அதே கணத்தில் சாகாமல் போனாள்.

பெடியனுக்கு டெலிபோன் எடுத்தேன்.
ஒரே மீன்தான் தம்பி,
சிங்களப் புத்தகமும் இருக்கு, பிழை என்னில்.
அவன் கேட்டான்: நோர்வேயில அதுக்கு என்ன பெயராம்?
தெரியாது என்றேன்.
நாளைக்குப் போயா, பூட்டு.
நாளையிண்டைக்கு வா.