பார்த்ததை மட்டும்

புவேர்த்தோ மோந்த்தில் மழைக்கு விடுமுறை கிடையாது.
பதினான்கு வருடம் சால்மன் ஆலையில்
நிமிடத்துக்கு நான்கு மீன் முள்ளெடுத்தவள்,
முப்பத்தைந்து வயதில்
மழலையர் கல்வி படிக்கப் போனேன்.
முதல் நாள் மூன்று தடவை கை கழுவினேன்.
பக்கத்து நாற்காலிப் பெண்ணுக்குப் பத்தொன்பது வயது.
அவள் மூக்கைச் சுளிக்கவில்லை.
நான்தான் அவள் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதல் பயிற்சி:
ஒரு குழந்தையைப் பத்து நிமிடம் பார்.
பார்த்ததை மட்டும் எழுது.

எழுதினேன்: லின்கோயான் முரட்டுப் பையன்.
கோபத்தில் கட்டைகளைத் தள்ளிவிட்டான்.

நோட்டு திரும்பி வந்தது.
'முரட்டு'வுக்கு அடியில் ஒரு கோடு,
'கோபத்தில்' என்பதற்கு அடியில் இன்னொன்று.
ஓரத்தில் பென்சிலால்:
இவை இரண்டும் அறையில் இருந்தனவா, உன்னிடமா?

மறுநாள் மறுபடி உட்கார்ந்தேன்.
லின்கோயான் ஏழு கட்டை அடுக்கினான்.
எட்டாவதைக் கையில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தான்.
வாசலில் யாரும் இல்லை.
அதற்குப் பிறகுதான் கோபுரம் விழுந்தது.

அன்று பேருந்தில் அழுதேன்.
ஜன்னல் முழுக்க மழை,
வசதியாகப் போயிற்று.

எலூனேவுக்கு மூன்று வயது,
மஞ்சள் நிற மழைக்காலணி.
இடதை வலதில் நுழைத்தாள். கழற்றினாள்.
திருப்பிப் பார்த்தாள், உள்ளே யாரோ இருப்பதுபோல.
மறுபடியும் இடதை வலதில்.
பதினொரு நிமிடம்.
ஆலையில் என்றால்
நாற்பத்து நான்கு மீன் பெல்ட்டில் போயிருக்கும்.
என் விரல்கள் துடித்தன.
அவற்றைத் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டேன்.
பாடப்புத்தகம் இதற்கு நீளமாக ஏதோ பெயர் வைத்திருக்கிறது.
நான் வைத்த பெயர்: கைமேல் உட்காருதல்.
அந்தப் பருவத்தில் ஒழுங்காகக் கற்றது அது ஒன்றுதான்,
தேர்வில் அதைக் கேட்கவில்லை.
கடைசியில் போட்டுக்கொண்டாள்,
இரண்டும் இடம் மாறித்தான்.
அப்படியே போய்ச் சேற்றில் குதித்தாள்.

தாள் கிழியுமளவு கறுப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தான் ஒருவன்.
குனிந்து, என் மிக இனிய குரலில்,
"என்ன இது, கடலா?" என்றேன்.
பாவமாக என்னைப் பார்த்தான்.
"இல்ல, தேய்க்கிறேன்."

மூன்றாம் பருவத்தில் மூளை வந்தது.
திரையில் ஒரு கோடு,
பிறப்பிலிருந்து செங்குத்தாக ஏறி
ஐந்து வயதில் மெல்லச் சாய்ந்தது.
பத்தொன்பது வயதுக்காரி குறிப்பெடுத்தாள்.
நான் கணக்குப் போட்டேன்:
தாமியானின் அந்த ஐந்து வருடமும் எனக்கு இரவு ஷிஃப்ட்.
கிளம்பும்போது தூங்கிக்கொண்டிருப்பான்.
திரும்பும்போதும் தூங்கிக்கொண்டிருப்பான்,
ஆனால் வேறு பக்கம் திரும்பி.
இடையில் அவன் எப்போது புரண்டான் என்பதை
பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சிதான் பார்த்திருக்கும்.
கேள்வி இருந்தால் கேளுங்கள் என்றார்கள்.
பதின்மூன்று வயதுக்கு ஏதாவது அத்தியாயம் உண்டா
என்று கேட்கவில்லை.
யாரோ மின்விசிறியை நிறுத்தச் சொன்னார்கள்.

என்னைவிடப் பத்து வயது சின்னவர்கள்
விளையாட்டின் கோட்பாடுகளை மனப்பாடமாகச் சொல்வார்கள்.
எனக்குத் தேதிகள் நிற்பதில்லை.
தரையில் உட்கார வரும்.
எழுந்திருக்கத்தான் முழங்கால் சம்மதிப்பதில்லை,
அதனால் குழந்தைகளோடு அதிக நேரம் இருக்கிறேன்.
இதையும் யாரோ 'அர்ப்பணிப்பு' என்று எழுதியிருக்கிறார்கள்,
என்னைப் பற்றிய குறிப்பில்.
நான் அதன் அடியில் ஒரு கோடு போட்டேன்.

நேற்று வீட்டில், சமையலறையில், மீதமிருந்த பக்கத்தில்:

7.40. தாமியான் நின்றபடி ரொட்டி தின்கிறான்.
வெண்ணெய் ஒரு ஓரத்தில் மட்டும்.
7.42. போனைப் பார்க்கிறான். ஜன்னலைப் பார்க்கிறான்.
இடது காதுக்குப் பின்னால் ஒரு மச்சம்.
7.43. "என்ன எழுதுற?"
7.44. பதில் வரக் கொஞ்ச நேரம் காத்திருக்கிறான்.
7.45. கதவு சாத்தும் சத்தம், மெதுவாக.
மேசையில் பாதி ரொட்டி,
என் கோப்பைக்குப் பக்கத்தில்.

எனக்காக வைத்தானா, மறந்துவிட்டானா
என்பதை எழுதவில்லை.