மூன்றாவது வாயசைவு

மூன்று படங்களாக நான் ஒட்டகச்சிவிங்கி.
காவலாளி தூங்கும் நேரம் வேலி தாண்டினேன்,
சரக்கு ரயிலின் கூரையில் படுத்துப்
பாலைவனம் கடந்தேன்,
முதலையிடம் வழி கேட்டு வாலில் கடிபட்டேன்.
எல்லாம் மொண்டேவீடியோவில்,
ஒரு பல் மருத்துவரின் மாடியில்,
முட்டை அட்டை ஒட்டிய அறைக்குள்.
கீழே துளைக்கருவி ஓடினால்
மேலே காடு நின்று காத்திருக்கும்.

நான்காம் பாகத்தில்
அது புல்வெளிக்கு வந்தே விடுகிறது.
திரையில் வாய் மூன்று முறை திறக்கிறது.
எங்கள் ஸ்பானியத்தில் விடுதலைக்கு
இரண்டே அசை: லி, ப்ரே.
"இழுத்துச் சொல்லு நேலிடா" என்றான் இஸ்மாயேல்.
இழுத்தேன்.
சந்தையில் தக்காளி விற்பவள்போல் இருந்தது.
அழுது சொன்னேன், சிரித்துச் சொன்னேன்,
பதினேழாம் முறை தொண்டை கட்டிக்கொண்டது.

அதனிடமே கேட்டுவிடலாமென்று
ஜூலைக் குளிரில், கக்கத்தில் வெந்நீர்க் குடுவையோடு
மிருகக்காட்சிசாலைக்குப் போனேன்.
மென்றுகொண்டிருந்தது.
என் தலைக்கு மேலாக
பேருந்து நிறுத்தத்தைப் பார்த்தது.
"பத்தொன்பது வருஷம். பகலில் ஒரு சத்தம் கிடையாது"
என்றான் வில்மார், வைக்கோலைத் தள்ளியபடி.
"ராத்திரி வேண்டுமானால் இருந்து பாருங்கள்."

இருந்தேன்.
இரண்டு மணிக்கு மேல்,
பழைய குளிர்சாதனப்பெட்டி
எதையோ நினைத்துக்கொண்டதுபோல்
ஒரு முனகல்.
நெஞ்சுக்கும் வாய்க்கும் நடுவே
அவ்வளவு நீளக் கழுத்தில்
பாதி வழியில் நின்றுபோன ஒன்று.
புல்வெளியை நினைத்தா?
இங்கேயே பிறந்தது அது.
கூரை ஒழுகுவதாலா?
வில்மாருக்கும் தெரியாது.
என் குவளையில் இன்னும் கொஞ்சம் மாத்தே ஊற்றிக்கொண்டான்.

மறுநாள்
முதல் திறப்புக்கு லி,
இரண்டாவதற்கு ப்ரே.
சொல் தீர்ந்த பிறகும் திறந்த வாய்க்கு
அந்த முனகலைக் கொடுத்தேன்.
இஸ்மாயேல் ஒரு காதை மட்டும் விடுவித்து
"என்ன அது?" என்றான்.
"அசை பத்தவில்லை" என்றேன்.
கீழே யாருக்கோ பல் துளைக்கத் தொடங்கினார்கள்.
அதனால் மட்டுமே அது படத்தில் இருக்கிறது.

திரையரங்கில் அந்த நொடிக்கு
எக்காளமும் முரசும் வைத்திருந்தார்கள்.
குழந்தைகள் எழுந்து குதித்தன,
சோளப்பொரி சிதறியது.
எனக்கே கேட்கவில்லை.

சொல்லுக்கு இவ்வளவு என்று கூலி.
பட்டியலில் 'விடுதலை' ஒரு சொல்,
முனகல் இல்லை.
கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டு
வில்மாருக்கென இரண்டு இலவசச் சீட்டு
வாங்கிப் போனேன்.

ஞாயிறும் இரவுக் காவல்தானாம்.
வர முடியாது என்றான்.