எழுபத்தொன்பது

கனகராயன்குளம் தாண்ட
முதலில் ஒரு ஹயஸ் லைற் அடித்தது,
பகல் பத்தரைக்கு, இரண்டு தரம்.
பிறகு ஒரு உழவு இயந்திரம்.
பிறகு மண் ஏற்றின டிப்பர், அதுகூட.
முன்பின் தெரியாதவன் இந்த வீதியில்
எனக்குச் சொல்லுகிற ஒரே சொல் அது.
விளங்கியது. கால்தான் கேட்கவில்லை.
பின்னால் ஐஸ் கரைந்துகொண்டிருந்தது.

பாலை மரத்துக்குப் பின்னாலிருந்து கை நீண்டது.
மற்றக் கையில் அந்தச் சாமான்.
துவக்கென்றுதான் நாங்கள் அதையும் சொல்லுவோம்,
வேறு பேர் வாயில் வருவதில்லை.
கிட்ட வந்து திருப்பிக் காட்டினார்:
எழுபத்தொன்பது.
"அம்பது" என்றார் தமிழில்.
இலக்கங்களை மட்டும் நல்லாகப் பாடமாக்கியிருந்தார்.

மீன் சேர், என்றேன். முல்லைத்தீவு. பாரை.
பெட்டியைத் திறக்கச் சொன்னார்.
இரண்டைப் பேப்பரில் சுற்ற
என் கை ஆயத்தமாயிருந்தது.
அவர் மீனைப் பார்க்கவில்லை.
உள்ளங்கையை ஐஸில் வைத்து
கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்.
ஈரத்தை முகத்தில் தடவினார், பிடரியிலும்.
பிறகு துண்டு எழுதினார்.

துண்டில் எனக்கு வாசிக்கத் தெரிந்தது
என் வாகன நம்பர் மட்டும்.
லைசன்ஸ் அவர் பையில்.
தபால் கந்தோரில் காசைக் கட்டி
ரசீதோடு வா என்பதைக்
கையாலேயே சொல்லி முடித்தார்.

இதே வளைவில்தான் போன மாசி
என்னோடு பெட்டி ஏற்றியிறக்கின செவ்வேள்
மோட்டார் சைக்கிளோடு பஸ்ஸுக்குள் போனான்.
அண்டைக்கு இந்த மரத்தடியில் ஒருவரும் இல்லை.
பிறகு வந்தார்கள். பிறகும் அளந்தார்கள்,
டேப் பிடித்து, சோக்கட்டியால் கோடு கீறி,
அவன் செருப்பு கிடந்த இடம் வரைக்கும்.

வெளிக்கிட்டேன். நாற்பத்தெட்டு.
எதிரே வவுனியா பஸ், வாசலில் ஆள் தொங்க.
லைற் அடித்தேன். மெதுவானது.
அடுத்ததற்கும் அடித்தேன்.
புளியங்குளத்தில் நிற்பாட்டியிருக்கலாம்,
அதுக்கங்கால் சொல்ல ஒரு பொலிசும் இல்லை.
விரல் நிற்கவில்லை.
ஓமந்தை தாண்டியும் அடித்துக்கொண்டு போனேன்,
வான், லொறி, கல்யாணக் கார் ஒன்று.
எல்லாரும் பிரேக்கை மிதித்து
மரம் மரமாகத் தேடினார்கள்.

சீமெந்து லொறிக்காரன் ஒருவன்
ஜன்னலால் தலையை நீட்டிக் கத்தினான்.
சத்தம் கேட்கவில்லை.
வாய் மட்டும் தெரிந்தது:
பொய்க்காரா.