மோட்டார் ஓடிய நாட்கள்

கொப்பி என்னுடையதில்லை.
மகளின் நாலாம் ஆண்டுக் கணிதக் கொப்பி.
பின்பக்கம் பதினொரு தாள் மிச்சமிருந்தது.
அதில்தான் எழுதினேன்:

மே மூன்று. இரவு ஒன்றரை. நாற்பது நிமிடம்.
மே ஆறு. மழை. இரண்டு மணித்தியாலம்.

மழை பெய்தால் பண்ணைக்காரருக்குச் சந்தோசம்.
கொட்டகைக் கழிவையெல்லாம்
மழையே கொண்டு போனதாகச் சொல்லிவிடலாம்.

மேலே ஆறு கொட்டகை,
கொட்டகைக்கு எண்ணாயிரம் கோழி.
முன்பு அது பதினாலாம் நம்பர் மலை.
தேயிலை கிழடுதட்டிவிட்டதென்று கம்பனி கைவிட்டது.
பிறகு கம்பிவேலி வந்தது, கேட் வந்தது,
எனக்கு இரவு வேலை வந்தது.
பொய் சொல்லக் கூடாது:
கொழுந்துச் சம்பளத்தைவிட நாளுக்கு அறுநூறு ரூபாய் கூட.
மகளின் சப்பாத்து அந்தக் காசு.
கூரையில் நாலு புதுத் தகரம் அந்தக் காசு.

கீழே பீலி. நாலு லயத்துக்கும் ஒன்று.
மூங்கில் போய் இரும்பு வந்து
இரும்பு போய் பிளாஸ்டிக் குழாய் வந்தும்
பெயர் மட்டும் பீலிதான்.
தண்ணியில் வாடையை முதலில் பிடித்தவள் சந்தனமேரி.
கைப்பிள்ளைக்காரி,
பால்மா கரைக்கையில் முகர்ந்திருக்கிறாள்.
மறுநாள் என் மனைவி
குடத்தைக் கவிழ்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.
ஒன்றும் கேட்கவில்லை.
என் சட்டையிலும் அதே வாடை.

பதினேழு பேருக்கு வயிற்றோட்டம்.
பிள்ளைக்காம்பராவைப் பூட்டினார்கள்.
அடிவாரத்துக் கொலனியிலிருந்து சோமலதா ஏறி வந்தாள்,
கூடை நிறைய லீக்ஸோடு.
வேர் கறுத்துப்போன லீக்ஸ்.
அவள் சிங்களத்தில் சொன்னதில் பாதி எங்களுக்கு விளங்கவில்லை.
லீக்ஸ் முழுதும் விளங்கியது.

பரிசோதகர் செவ்வாய்க்கிழமை வந்தார்.
வருகிற செய்தி திங்களே வந்துவிட்டது,
எங்களுக்கல்ல, மேலே.
"இன்னைக்கு மோட்டார்ல கை வைக்காத"
என்றார் சுப்பர்வைசர்.
செவ்வாய் காலை தண்ணீர்
பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி தலைவாரி வந்து நின்றது.
போத்தலில் பிடித்தார். மூடியில் கையெழுத்து வைத்தார்.
மூன்றாம் வாரம் கடிதம்: குறைபாடு எதுவுமில்லை.
"கடுதாசியே சொல்லிருச்சி, இனி என்ன"
என்றார் தலைவர்.

அன்றிரவுதான் வீட்டில் கொப்பி தேடினேன்.

மோட்டார் ஓடிய இரவுகளில்
வேலை விட்டு இறங்கும்போது
டோர்ச்சை இரண்டு தரம் அணைத்து எரிப்பேன்.
சந்தனமேரி போத்தலோடு பீலிக்குப் போவாள்.
சோடாப் போத்தல், இருமல் பாணிப் போத்தல்,
நன்றாக அவித்து, பிளாஸ்டரில் திகதி ஒட்டி.
சோமலதாவின் மகன்
ஐஸ் பெட்டியில் வைத்து பதுளைக்குக் கொண்டு போவான்.
ஐஸ்கிரீம் எவ்வளவு என்று
கொண்டக்டர் இரண்டு முறை கேட்டானாம்.

முப்பத்தொரு இரவு.

பிரதேச சபை விசாரணையில்
பண்ணையின் சட்டத்தரணி கொப்பியைத் தூக்கிக் காட்டினார்.
"இது யாருடையது?"
எழும்பினேன். கால் நடுங்கியது.
"மகளுடையதுங்க" என்றேன்.
மண்டபமே சிரித்தது. அவரும் சிரித்தார்.
பிறகு புரட்டினார்.
முன்பக்கக் கணக்குகளுக்கெல்லாம்
டீச்சர் சிவப்பு மையில் சரி போட்டிருந்தார்.
பின்பக்கத்தில்
அவர் சிரிக்காமல் நின்ற இடம் எனக்குத் தெரியும்:
மே இருபத்திரண்டு, பரிசோதகர் போனதற்கு மறுநாள் இரவு,
நாலு மணித்தியாலம்.

முடிவு சொல்லவில்லை. செப்டெம்பருக்குத் தள்ளியிருக்கிறார்கள்.
வேலை அன்றே போய்விட்டது.
கோழிப்பண்ணைக்கு இன்னும் மகனை அனுப்புகிற நாகம்மை
பீலிக்கரையில் என் மனைவியோடு பேசுவதில்லை.
அவளுடைய குடமும் அதே வரிசையில்தான் நிற்கிறது.
கடையில் முட்டை வாங்கினால்
அதுவும் அங்கிருந்து வந்ததுதான்.

இரவு மழை பிடித்தால் எழும்பி உட்காருகிறேன்.
என் தகரமே என் காதை அடைக்கிறது.
அந்தச் சத்தத்துக்கு அடியில்
வேறு சத்தம் இருக்கிறதா என்று கேட்கிறேன்.
பக்கத்துக் காம்பராவிலும் விளக்கு எரிகிறது.

ஆகஸ்ட் இரண்டு. மழை. இரவு இரண்டு மணி.
சத்தமில்லை.
கொஞ்சம் பொறுத்துப் பார்க்கிறேன்.