தொடர்ச்சி மறுபக்கம்

டன்மோர் துறையில் வரலாறு
இரும்புப் பலகையில், கம்பத்தின் மேல்.
வருஷத்துக்கு ஒருமுறை எழுத்துக்குப் பொன்வண்ணம் பூச
கவுன்டி அனுப்பும் ஆள் வெர்னெல் ஹோலிஃபீல்ட்.

பெட்ரோல் பங்க் பக்கத்தில்:
தளபதி ஒருவர் இங்கே ஓரிரவு தூங்கினார்.
தூக்கத்துக்குக்கூடப் பலகை என்று சிரிப்பாள்.

சண்டை நடந்த இடத்துப் பலகையை
வெள்ளம் கொண்டுபோய்
ஏழு மைல் கீழே ஒரு கெளிற்று வலையில் விட்டது.
திரும்ப நட்டவர்கள் சோம்பேறிகள்.
ஆகவே இப்போது
சலவைக்கடை வாசலில்தான் சண்டை நடந்தது.

கடைசிப் பலகை கரை விளிம்பில், வேலியை ஒட்டி.
பருத்திக் கிடங்கு. நாலாயிரம் பொதி.
முதலாளி பெயர், அவர் மாமனார் பெயர்.
அடியில் சின்னதாக: தொடர்ச்சி மறுபக்கம்.

மறுபக்கம் தண்ணீரைப் பார்த்திருக்கிறது.
வேலியில் தோளை அழுத்தி, கையை மட்டும் அப்பால் விட்டு,
புடைத்த எழுத்தை விரலால் தடவித் தடவிப் பூசவேண்டும்.
பொதி சுமந்த அடிமைகள். முப்பத்தொரு பெயர்,
முதற்பெயர் மட்டும்.
மற்றவர் பெயர் தெரியவில்லை.

கணக்குப் பார்க்க வந்தவன் கேட்டான்:
யாரும் படிக்காத பக்கத்துக்கு
எதற்கு அரை டப்பா?

தூரிகையைக் கழுவிக்கொண்டே
படகுக்காரர்கள் படிக்கிறார்கள் என்றாள்.

அந்தத் துறைக்குப் படகு வந்து
நாற்பது வருஷம்.