கணுக்கால்

எங்கள் எஸ்டேட்டில் பந்து ஆட முடியாது.
ஒரு உதை தவறினால்
நாகலூர்ப் பள்ளத்தில் போய்த்தான் நிற்கும்,
எடுத்து வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.
அதனால் கபடி.
காபிக் கொட்டை காயாத மாதங்களில்
சிமென்ட்டுக் களத்தில் சுண்ணாம்புக் கோடு.
முழங்காலில் தோல் நிலைத்ததில்லை
எங்களில் ஒருத்திக்கும்.

நான் இடது மூலை.
என் வேலை குனிந்திருப்பது.
பாடி வருகிறவளின் முகம் எனக்கு வேண்டாம்.
முகம் பொய் சொல்லும்.
கணுக்காலுக்கு அது தெரியாது.

தவக்காலத்தின் ஐந்தாம் ஞாயிறு
மாவட்டப் போட்டிக்குச் சேலம் இறங்கினோம்.
கொண்டை ஊசி வளைவு இருபது.
ஜசிந்தா வளைவுக்கு ஒன்றாகச்
சிலுவைப் பாதை சொல்லிக்கொண்டே வந்தாள்.
பதினான்காம் நிலையில் ஆண்டவரை அடக்கம் செய்த பிறகும்
ஆறு வளைவு மிச்சம்.
"இதுக்கெல்லாம் என்னடி சொல்றது?"
பொன்மலர் ஜன்னல் வழியே வாந்தி எடுத்தாள்.
பதில் போலத்தான் இருந்தது.

சூரமங்கலம் மைதானம். புழுதியிலும் வெயில்.
தாரமங்கலத்துப் பெண் ஒருத்தி,
சுகவனேஸ்வரி என்று முழுப்பெயரையும் சொன்னது ஒலிபெருக்கி.
மூன்று முறை பாடி வந்து
மூன்று பேரைத் தொட்டுப் போனாள்.
மூன்றாவதில்தான் பார்த்தேன்:
அவள் வலது கால்
கடன் கேட்க வந்தவரைப் போலத்
தயங்கித் தயங்கித் தரையில் இறங்கியது.
சாக்ஸுக்குள் துணி சுற்றியிருந்தாள்.

நான்காம் முறை
எனக்குப் பக்கத்தில் இருந்தது இடது கால்.
நான் வலதைப் பிடித்தேன்.

விசில்.
அவளுடைய 'கபடி' பாதியில் அறுந்து
வேறொரு சத்தமாக வந்தது.
ஒரு புள்ளியில் ஜெயித்தோம்.
கோப்பையிலேயே நன்னாரி சர்பத் ஊற்றிக் குடித்தோம்.

பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன்.
விதியை மீறினாயா, கேட்டார் ஸ்தனிஸ்லாஸ் சாமியார்.
இல்லை சாமி.
நடுவர் கண்டித்தாரா?
பாராட்டினார்.
பிறகு எது பாவம்?
தெரியவில்லை. அதனால்தான் வந்தேன்.
வலைக்கு அந்தப் பக்கம் நெடுநேரம் இருமல்.
மூன்று அருள்நிறை மரியே கொடுத்தார்.
எடை சரியா என்று அவருக்கும் தெரியவில்லை.

பெரிய வியாழன்.
பாதம் கழுவப்படும் பன்னிரண்டு பேரில்
இந்த வருடம் நான்.
சாமியார் மண்டியிட்டார்.
கட்டைவிரல் குதிநரம்பின் மேல்,
நான்கு விரல் முன்பக்கம்.
நான் பிடிக்கிற அதே பிடி.
கால் தானாக உதறிக்கொள்ளப் பார்த்தது.
தண்ணீர் மலைத் தண்ணீர், எலும்புவரை போயிற்று.
யூதாஸின் கணுக்காலையும் இப்படித்தான் பிடித்திருப்பார்,
எந்தக் கால் எங்கே போகப்போகிறது என்று
தெரிந்தும்
அழுத்தாமல்.

பாடு என்று ஒரே சொல்தான் நம்மிடம்.
களத்தில் அது மூச்சு, கோயிலில் அது வாதை.
எதிராளியின் பாதிக்குள்
ஒற்றை மூச்சோடு தனியே நுழைந்த ஒருவரை
அத்தனை பேரும் சேர்ந்து அமுக்கியதாகத்தான்
வெள்ளிக்கிழமை வாசகம் எனக்குக் கேட்டது.
மூன்றாம் நாள்
ஒரு கை நீண்டு கோட்டைத் தொட்டது.
எங்கள் ஆட்டத்தில்,
தொட்டுத் திரும்பினால் புள்ளி மட்டுமில்லை,
அவுட்டாகி வெளியே உட்கார்ந்திருக்கிறவள் ஒருத்தி
எழுந்து உள்ளே வருவாள்,
தான் ஒன்றும் செய்யாமலே,
பின்பக்கத்து மண்ணைத் தட்டிக்கொண்டு,
கொஞ்சம் வெட்கத்தோடு.

சுகவனேஸ்வரியின் எண்ணை யாரிடமோ வாங்கிக்
கால் எப்படி இருக்கிறது என்று அனுப்பினேன்.
இரண்டு நீலக் கோடு.
அவ்வளவுதான்.

பாஸ்காவுக்கு மறுநாள் பயிற்சி.
ரோஸ்லின் பாடி வந்தாள்.
கணுக்கால் முழுதாகக் கையில் அகப்பட்டு
நழுவிப் போனது.
"கை என்ன வெண்ணெயா?"
கத்தினார் பெனடிக்டா டீச்சர்.
நியாயமான கேள்வி.

மறுபடி குனிந்தேன்,
பக்கத்தில் எந்தக் கால் வருகிறதோ
அதற்காக.